"பால் பவுடருக்கா மாறினோம் அப்பத்தா?" - கன்னிவாடி வீட்டில் ஒரு பொங்கல் விடுமுறைக் கேள்வி

சாயங்காலம் ஏழு மணி. பன்றிமலைப் பக்கமிருந்து இறங்கும் குளிர்காற்று கன்னிவாடித் தெருக்களுக்குள் நுழைந்துவிட்ட நேரம். அந்த வீட்டில் டி.வி-யை நிறுத்திவிட்டார்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிகிறது. 76 வயது அப்பத்தா கையில் செபமாலை. மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேரன் எல்லோரும் பாயில் உட்கார்ந்தாகிவிட்டது.

கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்தி மட்டும் வாசற்படியில் இருக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள்தான் வந்திருந்தாள்.

"உள்ள வா தாயி, செபம் சொல்லணும்ல."

அவள் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பத்தா, நாம பால் பவுடருக்கா மதம் மாறினோம்?"

யாரும் பேசவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா, "என்ன பேச்சு இது, செப நேரத்துல?" என்று அதட்டினார். அப்பத்தா மட்டும் கோபப்படவில்லை. "செபம் முடியட்டும், பேசுவோம்" என்றார். அன்றைக்குப் பேச்சு நடக்கவில்லை. பேத்தி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

ஹாஸ்டல் குரூப்பில் வந்த மீம்

கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மீம் வந்திருக்கிறது. 'ஒரு டப்பா பால் பவுடருக்குத் தாத்தா மாறினார், பேரன் கேக் வெட்டுகிறான்' என்கிற அர்த்தத்தில். போட்டவள் எதிரியெல்லாம் இல்லை. ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிற, ரெக்கார்டு நோட்டை மாற்றி எழுதிக்கொள்கிற தோழிதான். எல்லோரும் சிரிக்கும் ஸ்மைலி போட்டார்கள். இவளும் போட்டாள். அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பதில் தெரிந்து பேசாமல் இருந்திருந்தால் பரவாயில்லை, பதிலே தெரியாமல் சிரித்துவிட்டோமே என்று.

ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல், ஞாயிறு மறைக்கல்வி எல்லாம் முறையாக நடந்தவள் அவள். மறைக்கல்விப் போட்டியில் பரிசும் வாங்கியிருக்கிறாள். 'நம் வீட்டுக்கு இந்த விசுவாசம் எப்படி வந்தது' என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அவளும் அதுவரை கேட்கவில்லை.

தகரப் பெட்டி திறந்தது

மறுநாள் காலை அப்பத்தா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே அந்துருண்டை வாசனையோடு ஒரு பழைய செபப் புத்தகம், கல்யாணச் சேலை, மஞ்சளேறி நான்காக மடிந்த ஒரு காகிதம். தாத்தாவுடைய அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டு.

"இது வெள்ளக்காரன் காலத்துச் சீட்டு. பால் பவுடர் வந்தது நான் பள்ளிக்கூடம் போறப்ப. நீயே கணக்குப் போட்டுக்க."

கணக்கு சரிதான். அமெரிக்காவில் பி.எல்.480 என்ற சட்டம் வந்தது 1954-ல். அதன் மூலம் கோதுமையும் பால் பவுடரும் இந்தியாவுக்கு வந்தன. தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் தேவாலயங்கள் வழியாகவும் அவை பள்ளிக்கூடங்களுக்கும் ஏழைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

"குடிச்சேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். அலுமினிய டம்ளர்ல ஊத்துவாங்க. சர்க்கரை இருக்காது. எங்க வகுப்புல எல்லா சாதிப் புள்ளைகளும்தான் குடிச்சுச்சு. அதுல எத்தன பேரு மாறினாங்க?" என்று சிரித்தார் அப்பத்தா.

பேத்தி விடவில்லை. "அப்படின்னா வெள்ளைக்காரன் சலுகைக்கு மாறியிருப்பாங்கன்னு சொல்வாங்களே?"

அந்தக் கேள்விக்கு அப்பத்தாவிடம் தேதி இல்லை. தேடிப் பார்த்தது பேத்திதான். இத்தாலியில் பிறந்த ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தது 1606-ல். காவி கட்டி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவ போதகர் என்ற பெயரில் வாழ்ந்தவர். அவர் வந்தபோது மதுரையை நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வர இன்னும் ஏறக்குறைய 190 ஆண்டுகள் இருந்தன. கம்பெனியுமே, வியாபாரம் கெட்டுவிடும் என்று 1813 வரை மிஷனரிகளைத் தன் பகுதிகளுக்குள் சுலபத்தில் விட்டதில்லை.

அதற்காக வெள்ளையர் ஆட்சிக்கும் மதமாற்றத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனரிகள் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. பேத்தி அதையும் படித்துவிட்டு, தயங்கியபடி அப்பத்தாவிடம் சொன்னாள்.

அப்பத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "பசிக்கு வந்தாங்கன்னே வச்சுக்க. பசி போன பெறகும் இருந்தாங்கள்ல? அது எதுக்குன்னு கேளு."

சாமியார் இல்லாத 60 ஆண்டுகள்

பசி போன பிறகும் ஏன் இருந்தார்கள்? சாமியாரே இல்லாதபோதும் ஏன் இருந்தார்கள்? தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.

நொபிலி தொடங்கிய மதுரை மிஷனில்தான் பின்னால் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ வேலை செய்தார். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவரும் இதே மிஷனைச் சேர்ந்தவர்தான். இவர்கள் எல்லோரும் இயேசு சபைக் குருக்கள். 1759-ல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து அந்தச் சபையை விரட்டியது. 1773-ல் போப்பாண்டவர் 14-ம் கிளமெண்ட் சபையையே கலைத்துவிட்டார். இருந்த குருக்கள் வயதாகி ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எப்போதாவது ஒரு குரு வந்து போனால் உண்டு. பிரெஞ்சு இயேசு சபையினர் திரும்பி வந்தது 1837-38-ல்தான்.

இடையில் 60 ஆண்டுகளுக்கும் மேல், கிட்டத்தட்ட மூன்று தலைமுறை. பல ஊர்களில் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. ஆனால், திரும்பி வந்தவர்களுக்கு வெறும் சுவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கவில்லை. கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் காத்தவர்கள் உபதேசியார்கள், கோயில்பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள். சாகும் தறுவாயில் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, பிணத்துக்கு முன்னால் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லித்தருவது எல்லாம் அவர்கள் வேலை. உபதேசியார்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூல் எழுதி வைத்திருந்தார்.

இப்படி நடந்தது தமிழ்நாட்டில் மட்டுமல்ல. 1658-ல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர்கள் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை போட்டார்கள். கிறிஸ்தவர்கள் ரகசியமாக வாழ்ந்தார்கள். 1687-ல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் அங்கே போனபோது, யார் கிறிஸ்தவர் என்றுகூடத் தெரியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்கு நின்றார். அதைப் பார்த்து யார் கண் விரிகிறதோ, அவர்தான் நம்மவர் என்று கண்டுபிடித்தார்.

ஜப்பான் கதை இன்னும் ஆச்சர்யம். 1614-ல் அங்கே கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1865-ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய தேவாலயத்துக்குள் உராகாமி கிராமத்து மக்கள் சிலர் வந்து, அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் கிறிஸ்தவர்கள்தான் என்று மெதுவாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 250 ஆண்டுகள், ஏழெட்டுத் தலைமுறை, குருவே இல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தது குடும்பங்கள்.

"நம்ம வீட்டுலயும் உபதேசியார் இருந்தாரு" என்றார் அப்பத்தா. தகரப் பெட்டியில் சீட்டு இருக்கிறதே, அந்தக் கொள்ளுத்தாத்தாதான். ஆடலூர், பன்றிமலைப் பக்கம் தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களைப் பார்க்க நடந்தே மலையேறுவாராம். கையில் தடி, தோளில் ஒரு துண்டு, இடுப்பு முடிச்சில் அவல். எழுத்து தெரியாத ஜனங்களுக்குக் கேள்வி-பதிலாகப் பாடம் சொல்வாராம். அவர் கேள்வி கேட்பார், ஜனங்கள் பதில் சொல்வார்கள். மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாள்கூட வீடு திரும்ப மாட்டாராம்.

"எனக்குப் பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம் எல்லாம் அவருதான் சொல்லிக்கொடுத்தாரு, கல்யாணம் ஆகி வந்த புதுசுல. தப்பாச் சொன்னா, 'திரும்பச் சொல்லுத்தா'ன்னு நிறுத்துவாரு. அடுப்புல சோறு கொதிச்சாலும் விட மாட்டாரு."

பேத்திக்கு அந்தப் பெயர்களே புதிது. அவள் படித்தது 'அருள் நிறைந்த மரியே'. அப்பத்தாவின் வாயில் இருப்பது அதற்கும் முந்தைய தமிழ். ஒரே செபம் இரண்டு தலைமுறைக்கு இரண்டு தமிழில் இருக்கிறது.

"உள்ளேயும் சாதி இருக்கே?"

பேத்தியின் அடுத்த கேள்விதான் வீட்டில் எல்லோரையும் சங்கடப்படுத்தியது. "சமத்துவத்துக்காக வந்தோம்னு சொல்றீங்க. கோயிலுக்குள்ளயே சாதி பார்க்கலையா?"

அப்பத்தா நேராகப் பதில் சொன்னார். அவர் சின்ன வயதில் பார்த்த ஒரு கோயிலில் அவர்களுக்கு இடப்பக்கம்தான் இடம். கல்லறையும் தனி. "சேசுநாதர் அப்பிடிச் சொல்லல. மனுசன் பண்ணுனான்."

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டப்பட்ட தேவாலயம், பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும். சாதிக்கு ஒரு கால். நடுவில் சுவர். கால்சட்டைக் கோயில் என்றே ஜனங்கள் அதைச் சொன்னார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. தஞ்சையின் பெரும் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார்கூட, சாதி வழக்கங்களை விடச் சொன்ன மிஷனரிகளோடு மோதியவர்தான். அவருடைய பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிறது அவர் குடும்பம். பாட்டு இறங்கி வந்த அதே வழியில்தான் சாதியும் இறங்கி வந்தது.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் ஓர் அரசு அதிகாரி ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்த, நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்டன். தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டார். உயர்ந்த சாதியில் பிறந்தவர், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து பழகினார். பதவி போனது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டே அறிவித்தது. அதற்காக இங்கிருந்து கோரிக்கை போயிருந்தது.

அவருடைய திருநாள் ஜனவரி 14. அநேக வருஷங்களில் அன்றைக்குத்தான் பொங்கலும் வரும்.

அப்பா சொல்லாத கதை

இவ்வளவு பேச்சு நடந்தும் அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலை முருங்கைக்காயும் தக்காளியும் லாரியில் ஏறும் நேரத்திலிருந்து மதியம் வரை வேலை. பொதுவாகவே பேச்சு குறைவு.

பொங்கலன்று இரவு, மொட்டை மாடியில் பேத்தியிடம் சொன்னார். அவருக்கு அப்போது 18 வயது. பிளஸ் டூ-வில் நல்ல மார்க். தொழிற்படிப்பில் சேர ஆசை. சாதிச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் மனசார உதவி செய்ய நினைத்தே சொன்னாராம்: "தம்பி, மதம் என்கிற இடத்துல 'இந்து'ன்னு எழுது, எஸ்.சி. சர்டிஃபிகேட் கிடைச்சிரும். சீட்டும் கிடைச்சிரும். சர்ச்சுக்குப் போறத யாரு பார்க்கப்போறா?"

1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் இதற்குக் காரணம். பட்டியல் சாதியில் இடம்பெற இந்துவாக இருக்க வேண்டும் என்றது அந்த ஆணை. 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். தெருவில் அவரைப் பார்க்கும் பார்வை மாறாது. ஆனால், பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது, தனித்தொகுதியில் போட்டியிட முடியாது. இந்த நிலைமையை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தையே ஏமாற்றுவது என்று சொன்னது.

அப்பா அந்தப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்தார். ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தார். தாயிடம் கேட்டார். "உன் இஷ்டம்யா" என்று மட்டும் சொன்னாராம் அப்பத்தா.

"காலைல 'கிறிஸ்தவர்'னு எழுதிக் குடுத்தேன். சீட்டு கிடைக்கல. மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போயிட்டேன்."

"ஏம்ப்பா எழுதினீங்க?"

"தெரியல பாப்பா. பெருசா பக்தின்னு சொல்ல முடியாது. என் தாத்தா மழையில மலையேறிப் போனாரு. நான் ஒரு வார்த்தையில அத அழிக்கணுமான்னு தோணுச்சு. உன் சித்தப்பா முறை ஒருத்தரு 'இந்து'ன்னுதான் எழுதினாரு. இன்னிக்கி நல்ல வேலைல இருக்காரு. அவரைத் தப்பு சொல்லல. வீட்டுக் கஷ்டத்துக்கு எழுதினாரு. இப்பவும் ஈஸ்டர் பூசைக்கு வந்து கடைசி வரிசையில நிப்பாரு."

பேத்தி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல?" என்றாள்.

"சொன்னா, எனக்காக நீ விட்டுக்குடுக்கணும்னு ஆயிரும்ல."

கீழே வந்து அப்பத்தாவிடமும் கேட்டாள், அன்றைக்கு ஏன் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. "நான் சொல்லியிருந்தா அது என் விசுவாசமாப் போயிருக்கும். அவன் எழுதினாத்தான் அது அவனோடது."

பிள்ளைகள் மணி அடித்தால்

விடுமுறை முடிந்து கிளம்பும் நாள். ரெட்டியார்சத்திரம் வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் தொடங்கியிருந்தது. தைப்பூசத்துக்கு முன் வருஷா வருஷம் நடப்பதுதான். பச்சை வேட்டியும் காவடியுமாகப் போகிறவர்களுக்கு மோர் கொடுக்க, தெருக்காரர்களோடு அந்த வீட்டிலிருந்தும் ஒரு குடம் போகும். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் தெரு முழுக்கப் போகிற மாதிரி. நம் சாமியைக் காப்பாற்ற அடுத்த வீட்டுச் சாமியைத் திட்ட வேண்டியதில்லை என்பது அப்பத்தா யாருக்கும் பாடமாகச் சொல்லாத, செய்து காட்டிய விஷயம்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி பேத்தி அந்தத் தோழிக்கு எழுதினாள். சண்டை போடவில்லை. 'எங்க அப்பத்தா பால் பவுடர் குடிச்சாங்க, உண்மைதான். ஆனா எங்க கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானச் சீட்டு அதைவிடப் பழசு. எங்க அப்பா ஒரே ஒரு வார்த்தை மாத்தி எழுதியிருந்தா அவரும் இன்ஜினீயர் ஆகியிருப்பார். எங்களுக்கு இதுல கிடைச்சதைவிட போனதுதான் அதிகம். அப்புறமும் ஏன் இருக்கோம்னு நானும் தேடிட்டு இருக்கேன். ஹாஸ்டல்ல பேசலாம்.'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சாரிடி. எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பத்தாவோட அதிரசம் கொண்டு வா.'

ஒரே வாரத்தில் அவள் பக்தியில் மூழ்கிவிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் தூங்கிவிடுகிறாள். கேள்விகளும் தீர்ந்துவிடவில்லை. ஆனால், ஒன்று மட்டும் கேட்டிருக்கிறாள். அந்தப் பழைய மந்திரங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லி.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழ் சரியாகத் தெரியாத நிலையில், தெருவில் மணி அடித்துப் பிள்ளைகளைத்தான் முதலில் கூட்டினார். மந்திரங்களை அவர்களுக்குச் சொல்லித்தந்து, வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லச் சொன்னார். பெரியவர்கள்தான் எப்போதும் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. சில நேரம் பிள்ளைகளும் மணி அடிக்க வேண்டியிருக்கிறது.

அப்பத்தாவுக்கு மைக் பொத்தானை அழுத்திப் பிடிக்கத் தெரியாது. பாதியில் விரல் எடுத்துவிடுகிறார், மந்திரம் துண்டு துண்டாகப் போகிறது. பேரன்தான் பிடித்துக்கொள்கிறான். பிடித்துக்கொண்டே இருக்கிறவனுக்கும், அவன் நினைக்காமலே, பாதி மனப்பாடமாகிவிட்டது.

ஒருநாள் நடுவில் ஒரு வார்த்தையை அவன் முணுமுணுத்தது ஒலிப்பதிவில் விழுந்துவிட்டது. தப்பான உச்சரிப்பு. அடுத்த நொடி அப்பத்தாவின் குரல்:

"திரும்பச் சொல்லுய்யா."